நாற்பத்தொன்றாம் கல்லைக் காத்தவருக்கு

எல்லைக்கற்களின் ஏந்தலே! எழுதுகோலுக்கு ஏற்றம் தந்த ஏறே! கோப்புகள் கண்டாலே குறுகி நிற்கும் கோமானே! நூற்றுப் பன்னிரண்டு கற்களின் நோய்நொடி அறிந்த நுண்மதியாளரே! முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே நாற்காலியில் ஒரே பக்கம் சாய்ந்து, அதன் இடது காலைத் தேய்த்தும் தாம் தேயாத தீரரே! படைநகர் நிர்வாக அலுவலகத்தின் நிலப்பிரிவு மூத்த எழுத்தரே! எங்கள் கல்லு சார் அவர்களே! வணக்கம்.

மேற்கண்ட அடைமொழிகளில் பாதி, சென்ற ஆண்டு ஓய்வு பெற்ற குழாய்ப் பிரிவு மேற்பார்வையாளருக்கு எழுதியவை. குழாய் இருந்த இடத்தில் கல்லைப் போட்டுக்கொண்டோம். அவருக்கும் அவை புதிதாகத் தைத்தவை அல்ல. இந்த ஊரில் சீருடைகளின் கதையே அதுதான். ஒருவருக்குத் தைத்ததை அடுத்தவருக்குப் பிடித்துத் தைப்பார்கள், தோள்பட்டை மட்டும் கொஞ்சம் தொங்கும். ஆனால் இனி வரும் பத்திகள் தங்கள் உடம்பில் நாடா வைத்து அளவெடுத்தவை. எங்காவது இறுக்கிப் பிடித்தால் பொறுத்தருள்க.

இப்போது வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. ஐந்து மணிக்குத் தங்கள் பொறுப்பு முடிகிறது. முதல் வரிசை நடுவில், வெள்ளைத் துண்டு போர்த்திய நாற்காலி காலியாக இருக்கிறது. அது தளபதி அவர்களுக்குப் போட்டது. வழக்கமாக அவர் வருவதில்லை. துண்டு மட்டும் வரும். இருந்தாலும் வந்துவிட்டால்? ஆகவே சுண்ணாம்புக்காரரை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். ஜீப் சத்தம் கேட்டால் அவர் இருமுவார். அவர் இருமினால், இம்மடலை வாசிக்கும் தட்டச்சர் அம்மா எந்த வரியில் இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டு, வாழ்த்துச் சொல்லும் கடைசிப் பத்திக்குத் தாவிவிடுவார். சபையோர் அதற்கு முன்பிருந்தே கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் போல் கைதட்ட வேண்டும். முப்பது வருடச் சுண்ணாம்புத் தூளால் அவருக்கு இயல்பாகவே இருமல் உண்டு என்பது இன்று காலையில்தான் எங்கள் நினைவுக்கு வந்தது. எனவே இரண்டு முறை இருமினால் மட்டுமே தாவுவது என்று திருத்தப்பட்டுள்ளது.

ஏன் இத்தனை பயம் என்று சபையில் யாரேனும் கேட்டால், அவர் ஊருக்குப் புதியவர். அவருக்காகக் கொஞ்சம் வரலாறு.

நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன், வேறெங்கோ போய்க்கொண்டிருந்த ஒரு பட்டாளம், மழைக்காக இந்த மேட்டில் மூன்று நாள் தங்கியது. இன்னும் கிளம்பவில்லை. கூடாரங்கள் கொட்டகைகளாயின, கொட்டகைகள் செங்கல் கட்டடங்களாயின, குதிரை கட்டிய இடம் லாரி நிறுத்தும் இடமாயிற்று. பட்டாளம் வந்தால் பின்னாலேயே வர வேண்டியவர்களும் வந்தார்கள்: துவைக்க, முடி வெட்ட, ரொட்டி சுட, லாடம் அடிக்க, கிழிந்ததைத் தைக்க. வந்தவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்து, அதில் 'தற்காலிகக் குடியிருப்பு' என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை நீக்கச் சொல்லி இன்றுவரை மேலிடத்திலிருந்து உத்தரவு வராததால், நாமெல்லோரும் ஆறு தலைமுறையாகத் தற்காலிகமாக இருந்து வருகிறோம். தற்காலிகமாகப் பிறந்து, தற்காலிகமாகக் கல்யாணம் முடித்து, நிரந்தரமாகச் செத்துப் போகிறோம்.

அதனால்தான் இந்த ஊரின் குணம் இப்படி. விடிகாலையில் அவர்கள் படைவீரர்களை எழுப்ப ஊதும் ஊதலுக்கு நம் தெருக் கோழிகள் எழுகின்றன. கடையில் ஒரே ஒரு ஆள் நின்றாலும் வரிசையில் நிற்கிறார். முடி திருத்துபவர் 'எப்படி வெட்ட' என்று கேட்பதில்லை. உட்கார்ந்ததும் காதுக்கு மேல் மிஷின் ஏறிவிடும். நடக்கும் இருவர் தாமறியாமல் கால் சேர்த்து நடக்கிறார்கள். கணவன் மனைவி சண்டை போட்டுக்கொண்டு போனாலும் இடது வலது மாறுவதில்லை. மரங்களுக்கு இடுப்பு வரை வெள்ளை. மூன்று ஆண்டுக்கொரு தளபதி மாறுவார். வாயிற்கதவுகள் பச்சையிலிருந்து சாம்பலுக்கும் சாம்பலிலிருந்து பச்சைக்கும் மாறும். நாம் தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம்: மாற்றம் கதவோடு போகுமா, நம்மிடமும் வருமா? முத்திரை வைத்த உறையோடு சைக்கிள் ஒன்று தெருவில் நுழைந்தால், அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று தெரியும் வரை மற்ற வீடுகளில் அடுப்பில் வைத்தது தீயும். இதுதான் நம் ஊர். இங்கே வரிசை தவறுவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. இந்த வரியைச் சபையோர் நினைவில் வைத்துக்கொள்க, பின்னால் தேவைப்படும்.

இந்த ஊரைப் பட்டாளத்து நிலம், ஊர் நிலம் என்று பிரித்து நிற்பவை நூற்றுப் பன்னிரண்டு எல்லைக்கற்கள். நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கும் வரிசை அது. ஓரிடத்தில் மட்டும் முழங்கை மடிந்ததுபோல் பட்டாளத்துப் பக்கமாகப் புடைத்து நின்றது. அந்த மடிப்புக்குள் இருப்பதுதான் தையல்காரர் சந்து. காரணம் மிகவும் கம்பீரமானது. அந்த முதல் மழையில் முதல் படையின் கால்சட்டைகள் மொத்தமும் கிழிந்துவிட்டன. மறுவாரம் ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். தையல்காரர்கள் உட்கார மேடான இடம் அந்த மூலையில்தான் இருந்தது. 'அந்த இடத்தை அவங்களுக்கே விட்டுடு, கோட்டை வளைச்சுப் போடு' என்றாராம் அன்றைய தளபதி. ஒரு படையின் மானம் காக்கப்பட்டது. ஓர் எல்லை வளைந்தது. அந்த வளைவின் நுனியில் நட்ட கல்தான் நாற்பத்தொன்று. அதற்குள்ளே இன்று இருபத்தாறு வீடுகள்.

பண்பின் பெட்டகமே! இக்கற்களைத் தாங்கள் பேணிய பாங்கினைப் பகரப் பக்கங்கள் போதா. ஆண்டுதோறும் நூற்றுப் பன்னிரண்டையும் நடந்தே பார்த்தீர்கள். சுண்ணாம்புக்காரர் வெள்ளை அடித்துக் கறுப்பில் எண் எழுத, பின்னாலேயே குறிப்பேட்டுடன் சென்றீர்கள். பார்த்ததற்கெல்லாம் 'சரிபார்த்தேன்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டீர்கள். அந்தப் பழக்கம் முற்றி, விடுப்புக் கடிதத்திலும் தேநீர்ப் பட்டியலிலும், மேலாளர் மகள் திருமண அழைப்பிதழிலும்கூட 'சரிபார்த்தேன்' என்று எழுதித் திருப்பித் தந்ததை மேலாளர் இன்னும் மறக்கவில்லை. நாற்காலி மாற்றும் பதவி உயர்வு மூன்று முறை வந்தது; மூன்று முறையும் மறுத்தீர்கள். கல் பார்க்கும் வாரத்தில் ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சலோடு நடந்தீர்கள், சொந்த மைத்துனர் கல்யாணத்தை விட்டுவிட்டு நடந்தீர்கள். ஆகா, இதுவல்லவோ கடமை என்று ஆண்டுவிழாக்களில் வியந்தோம். மனுஷனுக்கு ஆசையே கிடையாது என்று பேசிக்கொண்டோம். ஆசை இல்லாதவர் அல்ல, ஐயா, தாங்கள். அந்த நாற்காலியை விட்டு எழுந்தால் அதில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார் என்ற பயம் உள்ளவர். அது எங்களுக்குத் தெரிந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

அதேபோல் தங்கள் விருந்தோம்பல்! அளக்க வரும் சர்வேயர்களைத் தாங்கள் உபசரித்த அழகைக் காணக் கண் கோடி வேண்டும். முப்பத்தெட்டாம் கல்லருகே வரும்போது 'வெயில் அதிகமா இருக்கே சார்' என்பீர்கள். முப்பத்தொன்பதில் தேநீர் வரும். நாற்பதில் அவருடைய பிள்ளைகளின் படிப்பு பற்றி விசாரிப்பீர்கள். பிள்ளைகளின் படிப்பு பற்றிப் பேச ஆரம்பித்த எந்தச் சர்வேயரும் தலையை நிமிர்த்திப் பார்க்கும்போது நாற்பத்து நான்கில் நிற்பார். தங்களைப் பார்த்து நாங்களும் பழகினோம். விருந்தினரை மதிக்கும் பண்பு என்று நினைத்தோம்.

பிறகு, மூன்று வாரங்களுக்கு முன், முத்திரை வைத்த உறையோடு அந்தச் சைக்கிள் நம் அலுவலக வாசலில் நின்றது. வரும் திங்கள் காலை பத்து மணிக்குப் புதிய அளவை. வானத்துச் செயற்கைக்கோளைப் பார்த்து அளக்கும் கருவி. அதற்குத் தேநீர் வேண்டாம், பிள்ளைகளும் கிடையாது. கல் எங்கே நிற்கிறதோ, அதுவே எல்லை. பட்டாளத்து எல்லைக்கு உள்ளே இருக்கும் ஊர்க் கட்டடங்கள் முப்பது நாளில் அகற்றப்படும்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் தாங்கள் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"அந்த நாற்பத்தொண்ணு இருக்கே…" என்றீர்கள்.

"அதுக்கென்ன சார், போன மாசம்தான் வெள்ளை அடிச்சேன். மாப்பிள்ளை மாதிரி நிக்குது" என்றார் சுண்ணாம்புக்காரர்.

"நிக்குது. நிக்க வேண்டிய இடத்துல நிக்கல."

தட்டச்சர் அம்மா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். மேலாளர் மட்டும் நிறுத்தவில்லை. கெட்ட செய்தியை முழுதாகக் கேட்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

தாங்கள் வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம். படைத்தலைவர் ஒருவர் வருகிறார் என்று ஊரே வெள்ளை அடித்துக்கொண்டிருந்தது. கையில் பிரம்பு வைத்திருந்த ஓர் அதிகாரி, நாற்பதாம் கல்லருகே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"அந்த ஒரு கல்லு மட்டும் ஏன்யா வரிசைய விட்டு வெளிய நிக்குது?"

வேறு ஊராக இருந்தால், எல்லை அப்படி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இது நம் ஊர். வரிசை தவறியது கல்லாக இருந்தாலும் காவலராக இருந்தாலும், இங்கே ஒரே பதில்தான் உண்டு.

"இதோ சரி பண்ணிடறேன் சார்" என்றீர்கள்.

ஆறு ஆட்கள், நான்கு கடப்பாரைகள், ஒரு மத்தியானம். முழங்கை நுனியில் இருந்த கல்லைப் பெயர்த்து, நாற்பது தப்படி இந்தப் பக்கம் கொண்டு வந்து, நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் நூல் பிடித்து நட்டீர்கள். வரிசை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்ததாம். தையல்காரர் சந்தின் இருபத்தாறு வீடுகளும், அதில் யாருக்கும் தெரியாமல், இரவுச் சோற்றுக்கு முன் பட்டாளத்து நிலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. படைத்தலைவரின் வண்டி வேறு சாலை வழியாகப் போயிற்று.

"மறுநாளே திருப்பி வச்சிடலாம்னுதான் இருந்தேன்" என்றீர்கள். "மறுநாள் காலையில இது வந்துடுச்சு."

இது என்று தாங்கள் காட்டியது, தங்கள் மேசைக்கு மேல் ஆணியில் தொங்கும் சின்னக் கண்ணாடிச் சட்டம். நாங்கள் சேர்ந்த நாள் முதல் பார்த்துவரும் சட்டம். எல்லைக்கற்களின் வரிசையை நேர்த்தியாக அமைத்தமைக்காக இளநிலை எழுத்தரைப் பாராட்டி, பிரம்புக்காரர் எழுதிய கடிதம். தங்கள் வாழ்வின் முதல் பாராட்டு மடல்!

"திட்டு வாங்கின தப்பைத் திருத்தலாம். பாராட்டு வாங்கின தப்பை எப்படித் திருத்தறதுன்னு எந்த விதிப் புத்தகத்துலயும் இல்லையேம்மா" என்று தட்டச்சர் அம்மாவிடம் சொன்னீர்கள்.

அதன் பிறகு முப்பத்தொரு ஆண்டுச் சான்றுகளில், 'கல் 41: நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினீர்கள். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. கல் நல்ல நிலையில்தான் இருந்தது. தாங்கள்தான் இல்லை.

இந்தச் செய்தி சாப்பாட்டு மேசையிலிருந்து தையல்காரர் சந்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சுண்ணாம்புக்காரர் தாம் யாரிடமும் சொல்லவில்லை என்கிறார். மறுநாள் காலை பத்து மணிக்கு காஜா அக்கா அலுவலகத்துக்கு வந்துவிட்டார். பட்டாளத்துச் சட்டைகளுக்கு நாற்பது ஆண்டாகப் பொத்தான் துளை எடுப்பவர்; சந்தின் கடைசி வீடு அவருடையது, முழங்கையின் நுனி. கழுத்தில் அளவு நாடாவோடு வந்தவர், தங்கள் மேசைக்கு முன் நின்று, தங்களை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் சாரே, என் வீட்டை ராணுவத்துக்குக் கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டு, பொண்ணைப் பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

தாங்கள் எழுந்து நின்றீர்கள்.

"அக்கா, நான்…"

"உக்காருங்க. நின்னா மட்டும் கல்லு திரும்பிப் போயிடுமா? உங்க அப்பா செத்த வருஷம் உங்களுக்கு ஆபீஸ் கோட்டு தைச்சுக் குடுத்தது எங்க வீட்டுக்காரர். அளவெடுக்கும்போது கையெல்லாம் நடுங்குச்சாம் உங்களுக்கு. 'அப்பா மேல ரொம்ப உசுரு போல'ன்னாரு. இப்பத்தானே தெரியுது, எங்க வீட்டுச் சுவரைப் பார்த்து நடுங்கியிருக்கீங்க."

மேலாளர் நடுவில் புகுந்து, "அம்மா, மனு ஏதாவது எழுதிக் குடுத்தீங்கன்னா முறைப்படி…" என்றார்.

"மனு எழுதத் தெரியாது, துளை எடுக்கத்தான் தெரியும். சட்டையைக் கழட்டுங்க, எடுத்துக் குடுக்கறேன்."

மேலாளர் தம் அறைக்குப் போய்விட்டார்.

பிறகுதான் அக்கா குரலைத் தணித்தார். "சார், கல்லைப் புடுங்கின குழி இருந்துச்சுல்ல? வரிசை சரி பண்றாங்கன்னுதான் நெனச்சோம், வீடும் போச்சுன்னு யாருக்குத் தெரியும்? மழைத் தண்ணி நின்னு கொசுவாச்சு. எங்க வீட்டுக்காரர்தான் அதை மூடிச் சுவரை இழுத்துக் கட்டி, மேல பலகை போட்டு என் மெஷினை வச்சாரு. குழி தோண்டிச் சுத்தம் பண்றப்போ அடியில ஒரு கூடை கரி இருந்துச்சு. கறுகறுன்னு, உடைஞ்ச ஓட்டோட. அடுப்புக்கு ஆகும்னு எடுக்கப் போனேன். 'விடுடி, யாரோ எதுக்கோ வச்சிருக்காங்க'ன்னு அதை அப்படியே விட்டுட்டாரு. முப்பது வருஷமா எல்லை மேல உக்காந்துதான் தைக்கறேன் போல."

தங்கள் முகத்தில் அப்போது வந்து போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பழைய நாளில் எல்லைக்கல் நடும்போது, கல் காணாமல் போனாலும் இடம் காணாமல் போகக்கூடாது என்று அடியில் கரியும் ஓட்டுச் சில்லும் புதைப்பார்கள். கரி மக்காது. இதைத் தாங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். ஆனால் கரி வாய் திறந்து பேசாது. அங்கே தோண்டிப் பார் என்று யாராவது எழுத வேண்டும். விதியின்படி அதை எழுதத் தகுதி உடையவர், கல்லுக்குப் பொறுப்பான நிலப்பிரிவு எழுத்தர் ஒருவரே. அவர் தம் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் 'கல் இடம் மாறியுள்ளது' என்று எழுதினால், சர்வேயர் தோண்டிப் பார்த்தே ஆக வேண்டும். எழுதாவிட்டால், நிற்கும் இடமே எல்லை. திங்களன்று அந்த நாற்காலியில் உட்காரும் புதியவர் எதையும் பார்த்தவர் அல்லர். அவர் எழுதினால் அது கேள்விப்பட்டது. கேள்விப்பட்டதற்காக யாரும் மண்வெட்டி எடுக்க மாட்டார்கள்.

ஆக, இன்று ஐந்து மணி.

தாங்கள் இரண்டு பட்டியல்கள் தயாரித்திருக்கிறீர்கள். இரண்டும் மேலாளர் அறை மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கின்றன. ஒன்றில், வழக்கம்போல், 'கல் 41: நல்ல நிலையில் உள்ளது.' மற்றொன்றில் நடந்தது நடந்தபடி. இரண்டிலும் கையெழுத்து இல்லை. முதலாவதில் கையெழுத்துப் போட்டால் இந்த விழா முடிந்ததும் ஓய்வு ஆணை கைக்கு வரும். மாலை ரயிலில் மகள் வீட்டுக்குப் போகலாம். இரண்டாவதில் போட்டால் விசாரணை வரும். விசாரணை முடியும் வரை ஓய்வு ஆணை நிற்கும். எப்போது முடியும் என்று கேட்டால், அது தற்காலிகம் என்பார்கள். இந்த ஊரில் அந்தச் சொல்லின் நீளம் சபையோர் அறிந்ததே. இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் துணைவியார் இன்று காலை, 'ஆணைய வாங்கிட்டு வாங்க, வாயத் தொறக்காதீங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பியதாகக் கேள்வி. அம்மா, மன்னிக்க வேண்டும். தங்கள் பயத்தைக் குறை சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை. இருமலுக்கு எண்ணிக்கை வைத்து விழா நடத்துகிறவர்கள் நாங்கள்.

ஐயா, எங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பாராட்டு மடலில் பாராட்டுபவர்கள் தம்மைப் பற்றிப் பேசுவது மரபல்ல. ஆனால் இதுவரை மரபைக் காப்பாற்றிக் கிழித்தது போதும். பதினெட்டு ஆண்டுச் சான்றுகளைத் தட்டச்சு செய்தவர் தட்டச்சர் அம்மா. மற்ற கற்களுக்கெல்லாம் இருக்கும் இடத்தை எழுதும் தாங்கள், நாற்பத்தொன்றுக்கு மட்டும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதை அவர் முதல் ஆண்டே கவனித்தார், கேட்கவில்லை. முப்பது ஆண்டு வெள்ளை அடித்த சுண்ணாம்புக்காரர், அன்று கல்லைப் பெயர்த்து நட்ட ஆறு பேரில் ஒருவர். அன்று அவருக்கு வயது இருபது. 'சொன்னாங்க, செஞ்சேன்' என்கிறார், இந்த ஊரின் வரலாறு முழுவதையும் இரண்டு சொல்லில் சொல்லிவிட்ட நிம்மதியோடு. மேலாளர் ஒன்பது சான்றுகளில் படிக்காமல் கையெழுத்திட்டவர். படித்திருந்தாலும் இட்டிருப்பேன் என்று இந்த வாரம் அவரே ஒப்புக்கொண்டார். வரைபடப் பிரிவுக்காரர் பழைய படத்தில் வளைவையும் புதிய படத்தில் நேர்கோட்டையும் பார்த்துவிட்டு, பழையவர்களுக்கு நேராகக் கோடு போடத் தெரியாது என்று முடிவுசெய்தவர். கல்லை நகர்த்தியது ஒருவர். நகர்ந்த கல்லை முப்பத்தொரு ஆண்டு அங்கேயே நிற்க வைத்தது ஓர் அலுவலகம்.

இதை நேற்று மதியம் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

"நம்ம பேரும் அதுல வரட்டுமே" என்று முதலில் சொன்னவர் சுண்ணாம்புக்காரர்.

"வந்தா நம்மையும்தான் கூப்பிடுவாங்க" என்றார் மேலாளர்.

"கூப்பிடட்டும் சார். ஒருத்தரை விசாரிக்க ஒரு அறை போதும். பதினோரு பேரை விசாரிக்கணும்னா மண்டபம் தேடணும். மண்டபத்துக்கு அனுமதி வாங்கறதுக்குள்ள நானே ரிட்டையர் ஆயிடுவேன்" என்றார் தட்டச்சர் அம்மா.

மேலாளர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பேனாவைத் திறந்தார். இம்முறை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

எனவே, எழுத்தில் வழுவாத எங்கள் ஏந்தலே! இம்மடலின் அடியில் தாங்கள் காணப்போகும் பதினோரு கையெழுத்துகளும் அலங்காரத்துக்கு இட்டவை அல்ல. அதே பதினோரு கையெழுத்துகள் மேல் இழுப்பறையில் உள்ள இரண்டாவது பட்டியலின் அடியிலும் இருக்கின்றன: 'மேற்கண்டதை நாங்களும் அறிவோம், அறிந்தும் கேட்காதிருந்தோம்' என்று. முதல் இடம் மட்டும் காலி. அது நிரம்பாவிட்டால் எங்கள் பதினோரு கையெழுத்துக்கும் மதிப்பில்லை. எங்களில் ஒருவரும் நிலப்பிரிவு எழுத்தர் அல்லர்.

வழக்கமாக ஓய்வு பெறுபவருக்குச் சுவர்க் கடிகாரம் தருவோம். நேரம் இல்லாதவருக்குக் கடிகாரம் தருவது குத்திக்காட்டுவது போலாகும் என்பதால், இம்முறை ஒரு பேனா. மை நிரப்பியிருக்கிறோம். எழுதுகிறதா என்று காஜா அக்கா தம் உள்ளங்கையில் கீறிப் பார்த்துவிட்டார். அவர் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். மெஷின் மேலிருந்த துணிகளை எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். நகர்த்த வேண்டியிருக்கலாம் என்று.

இம்மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருவோம். எங்கே மாட்டுவது என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும். முதல் பட்டியலில் கையெழுத்திட்டால், தங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தவாறு மாட்டிக்கொள்ளலாம். நாங்கள் தவறாக எண்ண மாட்டோம், அன்பும் குறையாது. ஆனால் தங்கள் மேசைக்கு மேல் ஓர் ஆணி இருக்கிறது. அதில் முப்பத்தொரு ஆண்டாக வேறொரு பாராட்டு தொங்குகிறது. ஒரு ஆணி இரண்டு சட்டங்களைத் தாங்காது.

உறக்கம் உவந்து வருக! உடல்நலம் ஓங்கி வளர்க! காலையில் ஊதல் கேட்டும் எழாமல் புரண்டு படுக்கும் பேறு பெறுக! எந்தத் தெருவிலும், எந்தச் சைக்கிளைக் கண்டும், எந்தச் சுவரைக் கடந்தும் நெஞ்சு பதறாமல் நடக்கும் நெடுவாழ்வு வாழ்க! வரிசை தவறியும், வளைந்தும், விருப்பம் போல் நின்றும் நூறாண்டு வாழ்க! எங்கள் அன்பும், அச்சமும், வணக்கமும்.

இங்ஙனம்,
மேலாளர், தட்டச்சர், வரைபடப் பிரிவினர் இருவர், குழாய்ப் பிரிவினர் மூவர், ஓட்டுநர், காவலாளி, துப்புரவாளர், சுண்ணாம்புக்காரர்.
(பதினோரு கையெழுத்துகள்)

சட்டமிடும் முன், சனிக்கிழமை காலை, தட்டச்சர் சேர்த்த குறிப்பு:

நேற்று இம்மடலை வாசிக்கையில், 'ஆக, இன்று ஐந்து மணி' என்ற இடத்தில் வாசலில் இருமல் கேட்டது. இரண்டு முறை. நான் கடைசிப் பக்கத்தைத் தேடினேன். கை வழுக்கித் தாள்கள் கீழே விழுந்தன. சபையோர் ஏற்பாட்டின்படி கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். தளபதி அவர்கள் உள்ளே வந்து, துண்டு போர்த்திய நாற்காலியில் துண்டின் மேலேயே அமர்ந்தார். கல்லு சார் மேடையிலிருந்து இறங்கி வந்து, தாள்களைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி என் கையில் கொடுத்து, "விட்ட இடத்துலேருந்து படிங்கம்மா. மெதுவா படிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார்.

படித்தேன். தளபதி அவர்கள் இறுதி வரை இருந்தார். போகும்போது வாசலில் நின்று சுண்ணாம்புக்காரரிடம், "மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்ன பொருள் என்று இருபத்தாறு வீடுகளும் பதினோரு பேரும் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம். திங்கள் இன்னும் வரவில்லை.

ஆணியில் இருந்த பழைய சட்டத்தை அவரே கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருக்கிறது. பிறகு மேலாளர் அறைக்குப் போய் இரண்டாவது பட்டியலின் காலி இடத்தில் கையெழுத்திட்டார். அதில் எழுதியதையே, என்னிடம் கேட்டு வாங்கி, இம்மடலின் அடியிலும் அந்தப் பேனாவால் எழுதினார். மணி அப்போது நான்கு ஐம்பத்திரண்டு.

கல் 41: இடம் மாறியுள்ளது. மாற்றியவன் நான். பழைய இடம், தையல்காரர் சந்து, கடைசி வீடு, தையல் மெஷினுக்கு அடியில். சரிபார்த்தேன்.